பிரிவு 189 நோட்டீஸ் வந்துவிட்டது: சங்கத்தால் என்ன செய்ய முடியும்?

மைக்கறை | திங்கள், இரவு 9.40

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பத்திரிகைக் குழுமத்தில் துணையாசிரியராக இருக்கிறேன். எது என்று கேட்க வேண்டாம், தயவுசெய்து ஊகிக்கவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிறு இதழின் பக்கங்கள் பாதிகூட முடியாத நேரத்தில், எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. தொழிலாளர் உறவுச் சட்டம் பிரிவு 189இன் கீழ் ஆட்குறைப்பு பற்றிய கலந்தாலோசனைக்கு அழைப்பு. சுமார் 350 பேரில் 70 இடங்கள் "பாதிக்கப்படலாம்" என்கிறார்கள். செய்திப் பிரிவு, பக்க வடிவமைப்பு, விளம்பரம், அச்சகம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. அதே மின்னஞ்சலில் இன்னொரு படிவமும் இணைத்திருந்தார்கள்: விருப்ப விலகல். 14 நாளுக்குள் கையெழுத்திட்டால் ஓர் ஆண்டு சர்வீஸுக்கு இரண்டு வாரச் சம்பளம். நோட்டீஸ் காலச் சம்பளமும் அதிலேயே அடக்கம். கையெழுத்திடாமல் பிறகு வேலை போனால், சட்டம் சொல்லும் குறைந்தபட்சமான ஒரு வாரம்தான்.

எனக்கு 17 ஆண்டு சர்வீஸ். வீட்டுக் கடன் இருக்கிறது. மகன் இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதுகிறான்.

எங்களிடம் இரண்டு சங்கங்கள் உண்டு. எழுதுகிறவர்களுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று. சனிக்கிழமையே இரண்டும் சுற்றறிக்கை விட்டன. ஒன்று கண்டிக்கிறது, மற்றது வன்மையாகக் கண்டிக்கிறது. அதற்கு மேல் சங்கத்தால் ஏதாவது ஆகுமா? இந்த ஊரில் இதையெல்லாம் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வியாழக்கிழமை முதல் கூட்டம்.

கூட்டல்கழித்தல் | திங்கள், இரவு 10.15

அக்கா, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்திடுங்கள்.

நான் மிட்ராண்டில் கணக்காளர். பத்திரிகைத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எண்கள்தான். விட்ஸ் பல்கலைக்கழகத்தின் 2018 அறிக்கை, பத்தாண்டுக்குள் இந்த நாட்டில் முழுநேரப் பத்திரிகையாளர்கள் ஏறக்குறைய 10,000 பேரிலிருந்து 5,000 ஆகிவிட்டார்கள் என்றது. அது கோவிட் வருவதற்கு முன்பு. 2020 மே 1ஆம் தேதி இதழ் வெளியீட்டு நிறுவனமான அசோசியேட்டட் மீடியா பப்ளிஷிங் முழுவதுமாகக் கடையை மூடியது. அதே ஆண்டு மீடியா24 பத்திரிகைக் குழுமம் தன் பல இதழ்களை மூடியோ விற்றோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களைக் குறைத்தது. ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 5 லட்சம் பிரதி விற்ற டெய்லி சன் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இத்தனையும் நடந்தபோது சங்கங்கள் இல்லாமலா இருந்தன?

கணக்கு இது. கையெழுத்திட்டால் 34 வாரம். இல்லாவிட்டால் 17. வெட்டுத்தொகைக்கு, அதாவது ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு, வரிச் சலுகையும் உண்டு: வாழ்நாள் கணக்கில் முதல் 5,50,000 ரேண்டுக்கு வரி இல்லை. சங்கம் விளம்பரதாரரைத் திரும்ப அழைத்து வருமா? வராது. பிறகு எதை வைத்துப் பேரம் பேசப்போகிறது?

பழைய செயலாளர் | திங்கள், இரவு 11.30

அம்மா, கையெழுத்திடவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த வாரம் கையெழுத்திடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு தொழிற்சங்கக் கிளையில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவன் நான். பத்திரிகைத் துறை அல்ல, காலணித் தொழில். ஆனால் சட்டம் ஒன்றுதான்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்குறைப்பு செய்ய நினைத்தால் பிரிவு 189ஏ பொருந்தும். 300க்கு மேல் 400 வரை ஆட்கள் என்றால் அந்த அளவு 30. உங்களிடம் 70, சந்தேகமே இல்லை. அதன்படி, பேச்சுவார்த்தையை நடத்தித்தர ஒரு நடுவரை அனுப்பும்படி தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவிடம் நிறுவனமே கேட்கலாம். நிறுவனம் கேட்காவிட்டால், பாதிக்கப்படக்கூடியவர்களில் பெரும்பான்மையோரின் பிரதிநிதிகள் நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் கேட்கலாம். நடுவர் வந்துவிட்டால், நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாள் கழியும்வரை ஒருவர் கையிலும் பணிநீக்கக் கடிதம் கொடுக்க முடியாது.

உங்கள் படிவத்துக்கு 14 நாள். நடுவரைக் கேட்க 15 நாள். பெரும்பான்மையாக நிற்க வேண்டியவர்கள், அந்தப் பெரும்பான்மை தேவைப்படும் நாளுக்கு முந்தின நாளே கையெழுத்திட்டுக் கலைந்துவிடுகிறார்கள். தற்செயல் என்று நம்ப நான் தயாராக இல்லை.

இரண்டாவது, நிறுவனம் ஆட்குறைப்பைப் பற்றி "யோசிக்கும்போதே" கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது சட்டம். முடிவெடுத்துவிட்டுக் கூப்பிடுவது கலந்தாலோசனை ஆகாது. அதனால் நோட்டீஸை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். காரணம், பரிசீலித்த மாற்று வழிகள், அவற்றை ஏன் தள்ளினார்கள், எத்தனை பேர், எந்தப் பிரிவில், யாரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், எப்போது, இழப்பீடு எவ்வளவு, மறுபடி ஆள் எடுத்தால் பழையவர்களுக்கு இடம் உண்டா, கடந்த 12 மாதத்தில் ஏற்கெனவே எத்தனை பேரை அனுப்பினார்கள்: இவ்வளவும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏதாவது தகவலைத் தர மறுத்தால், அது பேச்சுக்குத் தேவையற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில். சங்கத்தின் பலம் மறியலில் தொடங்குவதில்லை. இந்தக் கேள்விகளில் தொடங்குகிறது.

தம்பி கூட்டல்கழித்தல், உங்கள் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. கையெழுத்திடாதவருக்கு 17 வாரம் மட்டுமல்ல. 60 நாள் என்றால் எட்டரை வாரச் சம்பளம். ஓராண்டுக்கு மேல் சர்வீஸ் உள்ளவருக்கு நோட்டீஸ் காலம் 4 வாரம். ஆக இருபத்தொன்பதரை வாரம். 34க்கும் இதற்கும் இடையே நாலரை வாரம்தான் வித்தியாசம். அந்த நாலரை வாரத்தைப் பணயம் வைத்தால் வேலையே மிஞ்சவும் வாய்ப்பு இருக்கிறது.

கூட்டல்கழித்தல் | செவ்வாய், காலை 7.05

ஐயா, கையெழுத்திடுகிறவருக்கும் அந்த 14 நாள் சம்பளம் உண்டு. எனவே 36, வித்தியாசம் ஆறரை வாரம். தவிர, நீங்கள் சேர்த்த எட்டரை வாரமும் உழைத்து வாங்குவது. முழு வரியும் பிடிக்கப்படும். நோட்டீஸ் சம்பளத்துக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் அப்படியே. சலுகை வெட்டுத்தொகைக்கு மட்டும்தான்.

பழைய செயலாளர் | செவ்வாய், காலை 7.30

ஆறரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி மாறவில்லை.

உருளை | செவ்வாய், காலை 8.20

இரவு ஷிப்ட் முடிந்து வந்து இதைப் படித்தேன், தூக்கம் போய்விட்டது.

நான் சிவகாசியில் தொழில் கற்றவன். ஷீட் மெஷினில் தொடங்கி வெப் ஆஃப்செட்டுக்கு வந்து, பிறகு இந்த நாட்டுக்கு வந்தேன். மைக்கறை அவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்டடமா என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் நீங்கள் வெள்ளிக்கிழமை கண்ட நோட்டீஸை அச்சகத்தில் நாங்கள் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. முதலில் மூன்றாவது ஷிப்டை எடுத்தார்கள். பிறகு பிளேட் அறையில் ஆள் குறைத்தார்கள். பிறகு ரீல் மாற்றுகிறவனே மடிப்பையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் மாடியில் இருந்து எத்தனை பேர் இறங்கி வந்தீர்கள்?

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் முதல் சில நூறு பிரதிகள் கழிவுதான். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை தப்பினாலும் முதலமைச்சருக்கு இரண்டு மூக்கு இருக்கும். முன்பு இருவர் அதைப் பார்த்தோம்: ஒருவர் மடிப்பின் வாயில் பிரதியை உருவி விரித்துப் பார்ப்பார், மற்றவர் சாவிப்பலகையில் சரிசெய்வார். இப்போது ஒரே ஆள் இரண்டையும் செய்கிறான். அதனால் கழிவு கூடுகிறது. கூடிய கழிவைக் காட்டி "அச்சுச் செலவு கட்டுப்படியாகவில்லை, வெளியே கொடுத்துவிடலாம்" என்று அடுத்த நோட்டீஸில் எழுதுகிறார்கள். ஆளைக் குறைத்து நஷ்டத்தை உண்டாக்கி, அந்த நஷ்டத்தைக் காட்டி இன்னும் ஆளைக் குறைப்பது. இதை எந்தக் கணக்காளரும் எழுதிக்காட்டி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. இன்று எங்கள் மெஷினில் ஓடும் காகிதத்தில் பெரும்பகுதி செய்தித்தாள் அல்ல. சூப்பர் மார்க்கெட் சலுகைத் தாள். கோழி, எண்ணெய், மாவு விலை. அந்தத் தாளுக்குத் துணையாசிரியர் வேண்டாம். மெஷின் ஆள் வேண்டும். இந்த ஒரு காரணத்தால் எங்கள் சங்கத்தில் சிலர், "எழுத்துக்காரர்களோடு சேர்ந்து நின்றால் நம் பேரமும் கெடும்" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அப்படி நினைக்கிறவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மைக்கறை | செவ்வாய், பிற்பகல் 1.10

உருளை அண்ணா, மாடியில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் மூன்றாவது ஷிப்டை இழந்த காலத்தில்தான் எங்கள் துணையாசிரியர் மேசைகளைக் கலைத்து, எல்லா இதழ்களுக்கும் ஒரே மேசை என்று ஆக்கினார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எந்தத் தெரு எந்த யூனிட்டில் வரும் என்று தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். இப்போது ஒரே ஆள் காலையில் ஓர் இதழின் நீதிமன்றச் செய்தியையும், மாலையில் வேறோர் இதழின் கோயில் திருவிழாச் செய்தியையும் திருத்துகிறான். உங்கள் மெஷினில் நடந்ததுதான் எங்கள் மேசையிலும் நடந்தது. இரண்டு மாடிக்கும் ஒருவர்க்கொருவர் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு: இரண்டு சங்கம், இரண்டு ஒப்பந்தம், இரண்டு பேச்சுவார்த்தை. நிறுவனத்தின் பக்கத்தில் மட்டும் அதே மனிதவள அதிகாரி இரண்டு கூட்டத்துக்கும் வருகிறார்.

பீனிக்ஸ் டீ ரூம் | செவ்வாய், மாலை 6.45

கடை அடைத்துவிட்டு எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா காலத்திலிருந்து கடையில் பத்திரிகை விற்கிறோம். அதிகாலையில் வேனில் வந்து கட்டைக் கதவருகே போட்டுவிட்டுப் போவார்கள். முன்பு ஓட்டுநருக்கு நிறுவனத்தின் சட்டை இருந்தது. இப்போது சொந்த வண்டி, ஒப்பந்தம், டீசல் அவர் செலவு. வண்டி பழுதானால் அன்று பேப்பர் இல்லை. ஒன்பது மணிக்கு வந்த பேப்பரை யார் வாங்குவார்? வேலைக்குப் போகிறவன் பஸ் ஏறிப் போய்விட்டான். மாலையில் விற்காததை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறேன். அலுவலகத்தில் அதை "வாசகர் குறைந்துவிட்டார்" என்று எழுதுவார்கள் போலிருக்கிறது. வாசகர் வந்தார் ஐயா, பேப்பர்தான் வரவில்லை.

வார இதழ் மட்டும் இன்னும் ஓடுகிறது. கல்யாணம், கருமாதி, பள்ளிக்கூடம், கோயில் தேர். பாட்டிகள் மரண அறிவிப்பைப் படிக்கவென்றே வாங்குகிறார்கள். அதை எழுதும் பெண்ணை நீக்கினால் பாட்டியும் வாங்கமாட்டார்.

ஒரு கேள்வி. அந்த ஓட்டுநர்களுக்குச் சங்கம் உண்டா?

சொல்லுக்கு இவ்வளவு | செவ்வாய், இரவு 8.00

டீ ரூம் அண்ணாவின் கேள்விக்குப் பதில்: ஓட்டுநருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நான் ஃப்ரீலான்ஸ். கட்டுரைக்கு இவ்வளவு என்று விலை. அந்த விலை பல ஆண்டாக நகரவில்லை. பிரிவு 189 நோட்டீஸ் எனக்கு வராது. செய்தியாசிரியர் ஒருநாள் பதில் எழுதுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான் என் நோட்டீஸ். நிரந்தரப் பணியாளரை நீக்கியபின் அதே வேலையைக் கால்வாசி விலைக்கு என்னிடம் கேட்கிறார்கள். மறுத்தால் வாடகை கட்ட முடியாது. செய்தால் நான் கருங்காலி. உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் என்னைப் போன்றவர்களைப் பற்றி யாராவது ஒரு வரி பேசுவீர்களா? 2018இல் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி ஆட்குறைப்பை அறிவித்தபோது 981 நிரந்தரப் பணியாளர்கள், 1,200 ஃப்ரீலான்ஸர்கள் என்று இரண்டு எண் வந்தது. செய்தியில் பெரிதாக ஓடியது முதல் எண்தான்.

பழைய செயலாளர் | செவ்வாய், இரவு 9.15

மகளே, சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. பிரிவு 200ஏ என்று ஒன்று உண்டு. வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்து, அந்தப் பிரிவு அடுக்கும் அடையாளங்களில் ஒன்றாவது பொருந்தினால் (உங்கள் வேலை நேரத்தை அவர்கள் கட்டுப்படுத்துகிறார்கள், நீங்கள் பொருளாதாரரீதியில் அவர்களையே நம்பி இருக்கிறீர்கள், அவர்கள் தரும் கருவியில் வேலை செய்கிறீர்கள் போன்றவை), ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் நீங்கள் பணியாளர் என்றே சட்டம் முதலில் கருதும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள். ஓட்டுநர்களுக்கும் இதைப் பார்க்கலாம். சொந்த வண்டி வைத்துப் பல நிறுவனங்களுக்கு ஓட்டுகிறவருக்குக் கடினம். ஒரே நிறுவனத்துக்கு, ஒரே வழித்தடத்தில், அவர்கள் குறித்த நேரத்தில் ஓட்டுகிறவருக்கு வாதாட இடம் உண்டு.

எஸ்ஏபிசி கதையை நினைவூட்டியது நல்லது. அந்த 2018 திட்டத்தை அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கைவிட்டார்கள். தொழிற்சங்கங்களின் நெருக்குதலும் அதில் உண்டு, அரசியலும் உண்டு. ஆனால் 2020இல் மறுபடி தொடங்கி, 2021 மார்ச்சில் முடித்தபோது 621 பேர் வெளியேறியிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் விருப்ப விலகல். சங்கம் ஒரு சுற்றைத் தடுத்தது, அடுத்த சுற்றைத் தடுக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாள்மணம் | புதன், காலை 6.50

பழங்கதை பேசுகிறான் என்று திட்டினாலும் பரவாயில்லை. நேற்று உருளையும் மைக்கறையும் போட்ட சண்டை இந்த நாட்டில் ஒருமுறை தீர்க்கப்பட்ட சண்டை.

1977 அக்டோபர் 19ஆம் தேதி அரசு வேர்ல்டு பத்திரிகையை மூடியது. கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கத்தையும் அன்றே தடை செய்தது. பத்திரிகையாளர்கள் வேறு பெயரில் எழுத்தாளர் சங்கமாகத் திரண்டார்கள். 1980இல் கேப்டவுனில் கூடியபோது ஒரு முடிவெடுத்தார்கள்: எழுதுகிறவர்கள் மட்டும் சங்கமாக இருந்து பயனில்லை; எழுத்தர், ஓட்டுநர், தொலைபேசி இயக்குநர் என்று பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் அத்தனை கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் கதவைத் திறப்பது. அப்படிப் பிறந்ததுதான் எம்டபிள்யூஏஎஸ்ஏ என்ற ஊடகத் தொழிலாளர் சங்கம். ஸ்வெலாகே சிசுலு அதன் தலைவர். அந்த ஆண்டே கேப் ஹெரால்டில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாட்டின் பிற பத்திரிகைகளுக்கும் பரவியது. நிருபரும் ஓட்டுநரும் ஒரே கோரிக்கைப் பட்டியலோடு வெளியே நின்றார்கள்.

அதற்கு முன்பு அச்சுத் தொழிலாளர்களுக்கு வலுவான சங்கம் இருந்தது. டைபோகிராஃபிகல் யூனியன் 1898இலேயே தொடங்கியது. ஆனால் அது கைத்தொழில் தெரிந்தவர்களின் சங்கம். துப்புரவுத் தொழிலாளிக்கும் கட்டுத் தூக்குகிறவருக்கும் அங்கே இடம் இல்லை. தொழில் திறனைக் காத்தது, நிறவெறிச் சட்டங்களோடு ஒத்தும் போனது.

(பீனிக்ஸ்காரர் வந்திருப்பதால் இன்னொரு துணுக்கு. அந்த ஊர்ப் பெயருக்குக் காரணமான, காந்தி தொடங்கிய குடியிருப்பில் 1904 முதல் இந்தியன் ஒப்பீனியன் அச்சானபோது, எழுதுகிறவருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் ஒரே மாதப்படி, 3 பவுண்டு. அந்தப் பத்திரிகையின் தமிழ்ப் பகுதி ஆள் கிடைக்காமல் 1906இல் நின்றுபோனது. பிறகு 1908 முதல் பி.எஸ். ஐயரின் ஆஃப்ரிக்கன் க்ரானிக்கிள் டர்பனில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது.)

கூட்டல்கழித்தல் | புதன், காலை 8.10

தாள்மணம் ஐயா, கதையின் முடிவை விட்டுவிட்டீர்களே. 1980 வேலைநிறுத்தத்தால் போஸ்ட் பத்திரிகை வாரக்கணக்கில் வெளிவரவில்லை. வெளிவராததால் பதிவு காலாவதியானது. புதிதாகப் பதிவு செய்தால் தடை விதிப்போம் என்றது அரசு. பத்திரிகை செத்தது. சங்கத் தலைவர்களுக்கும் தடையுத்தரவு. இதுதான் நீங்கள் காட்டும் வெற்றியா?

தாள்மணம் | புதன், காலை 9.00

பத்திரிகையைக் கொன்றது அரசு. அந்தப் பதிவு விதி ஒரு சாக்கு. அதே ஆசிரியர் குழுவிலிருந்து 1981இல் சோவெட்டன் வந்தது, இன்றும் வருகிறது. வெற்றி என்று நான் எழுதவில்லை. இரண்டு மாடியும் சேர்ந்து நின்ற நாள் ஒன்று உண்டு என்று எழுதினேன்.

நெறியாளர் | புதன், காலை 11.20

நிறுவனத்தின் பெயரை ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழையைத் தொடங்கியவர் முதல் பத்தியிலேயே கேட்டுக்கொண்டார். இன்னொரு முறை எழுதினால் கணக்கை முடக்குவேன்.

கூட்டல்கழித்தல் | புதன், பிற்பகல் 12.40

சரி, வேறு விதமாகக் கேட்கிறேன். வேலைநிறுத்தம் செய்தால் யாருக்கு நஷ்டம்? முன்பு ஒருநாள் பத்திரிகை வராவிட்டால் நகரமே பேசும். இன்று வராவிட்டால் நிறுவனம் காகிதச் செலவு மிச்சம் என்று சந்தோஷப்படும். மூட நினைக்கிற கடையின் முன்னால் மறியல் செய்து என்ன பயன்?

பழைய செயலாளர் | புதன், இரவு 8.30

இந்த இழையில் நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். பதிலும் எளிதல்ல.

பெரிய அளவு ஆட்குறைப்பில் சட்டம் சங்கத்துக்கு இரண்டு கதவு வைத்திருக்கிறது. காரணம் நியாயமானதல்ல என்று தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அல்லது வேலைநிறுத்தம் செய்யலாம். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது மூடிவிடும். நடைமுறை சரியில்லை என்று மட்டும் தனியாக நீதிமன்றம் போகலாம். அதற்கும் பணிநீக்க நோட்டீஸிலிருந்து 30 நாள் கெடு உண்டு. மூட நினைக்கும் கடையில் வேலைநிறுத்தம் வலுவில்லாத ஆயுதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருளை ஒரு வரி எழுதினாரே, மெஷினில் ஓடுவது பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட் தாள் என்று. அது குறித்த நாளில் கடைக்குப் போகாவிட்டால் நிறுவனம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? துணையாசிரியர் நின்றால் பக்கம் மெலியும், யாரும் கவனிக்கமாட்டார்கள். மெஷின் நின்றால் வாடிக்கையாளர் போன் செய்வார். அதனால்தான் மாடியில் இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு மாடி எதற்கு என்பதையும் மாடிக்காரர்கள்தான் காட்ட வேண்டும்.

மூன்றாவது கதவு ஒன்றும் இருக்கிறது; சங்கங்கள் அதிகம் தட்டுவதில்லை. 2024 ஜூனில் மீடியா24 பீல்டு, ராப்போர்ட், சிட்டி பிரஸ், டெய்லி சன் ஆகிய பத்திரிகைகளின் அச்சுப் பதிப்புகளை நிறுத்துவதாகவும், விநியோகப் பிரிவையும் உள்ளூர் இதழ்களையும் அச்சு நிறுவனமான நோவஸுக்கு விற்பதாகவும் அறிவித்தது. சுமார் 800 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று பேசப்பட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விற்பனையோடு புதிய முதலாளியிடம் போக வேண்டியவர்கள். அந்த விற்பனை, நிறுவனங்கள் கைமாறுவதைப் பரிசீலிக்கும் போட்டி ஆணையத்திடம் போனது. ஆணையம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது, இன்னொரு பத்திரிகை, அச்சு நிறுவனமான காக்ஸ்டனும் எதிர்த்தது. கடைசியில் போட்டித் தீர்ப்பாயம் நிபந்தனைகளோடு அனுமதித்தபோது, ராப்போர்ட், சிட்டி பிரஸ், டெய்லி சன் மூன்றும் அச்சில் தப்பியிருந்தன. பீல்டு மட்டும் அந்த ஆண்டு இறுதியோடு அச்சில் நின்றது. நான்கில் மூன்று தப்பியது வாசலில் நடந்த மறியலால் அல்ல. நிறுவனங்கள் கைமாறும்போது வேலைவாய்ப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது போட்டிச் சட்டம். விண்ணப்பத்தின் நகலைப் பதிவுபெற்ற சங்கத்துக்குக் கொடுக்கவும் சொல்கிறது. உங்கள் நிறுவனம் அச்சகத்தை வெளியே கொடுக்கப்போகிறது என்றால், அது விற்பனையா வெறும் ஒப்பந்தமா என்பதே முதல் கேள்வி. தொழிலாகவே கைமாறினால் பிரிவு 197 வரும். ஆட்களும் பழைய சர்வீஸோடு கூடவே போவார்கள்.

கூகிள் இந்த நாட்டு ஊடகங்களுக்கு ஐந்து ஆண்டில் 688 மில்லியன் ரேண்ட் மதிப்பில் உதவி தரும் என்று போட்டி ஆணையத்தின் 2025 நவம்பர் இறுதி அறிக்கை சொல்கிறது. அதில் ஒரு பங்கு உங்கள் நிறுவனத்துக்கு வருமா, வந்தால் அது எந்த மேசைக்குப் போகும் என்று நாளை கேளுங்கள். கேட்க ஒரு ரேண்டும் செலவில்லை.

உருளை | புதன், இரவு 9.05

நாளை நான் இரவு ஷிப்ட். பகலில் கூட்டத்துக்கு வருவேன், அது எந்தக் கட்டடமாக இருந்தாலும்.

மைக்கறை | வியாழன், இரவு 10.30

நடந்ததைச் சொல்கிறேன். இனிப்பாக எதுவும் இல்லை.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு சங்கத்தின் பிரதிநிதிகளும் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். சண்டைதான் முதலில். அச்சகப் பிரதிநிதி, "கடைசியில் சேர்ந்தவர் முதலில் போகட்டும்" என்ற தேர்வு முறையில் உறுதியாக இருந்தார். எங்கள் பக்கத்தில் இளம் நிருபர்கள்தான் அதிகம், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அது இன்னும் தீரவில்லை. ஆனால் மூன்று விஷயத்தில் ஒரே கடிதம் கொடுத்தோம்: நடுவர் வேண்டும், நடுவர் முன் முதல் அமர்வு முடியும்வரை விருப்ப விலகலுக்குக் கெடு கூடாது, கடந்த 12 மாதத்தில் வெளியேறியவர்கள் பட்டியல் வேண்டும். ஃப்ரீலான்ஸ் செலவு எவ்வளவு என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது, சொல்லுக்கு இவ்வளவு. ஓட்டுநர்களைப் பற்றிக் கேட்டபோது "அவர்கள் எங்கள் பணியாளர்கள் அல்ல" என்று ஒரே வரியில் முடித்தார்கள்.

நிறுவனம் நடுவருக்கு ஒப்புக்கொண்டது. கெடுவை ஏழு நாள் நீட்டியது, நாங்கள் கேட்டது அதுவல்ல. "பரிசீலித்த மாற்று வழிகள்" என்ற தலைப்பின் கீழ் நோட்டீஸில் மூன்று வரிதான் இருந்தது. மேல்மட்டச் சம்பளத்தைக் குறைப்பது பரிசீலிக்கப்பட்டதா என்று அச்சகப் பிரதிநிதி கேட்டார். மனிதவள அதிகாரி குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பதில் எழுத்தில் வருமாம்.

இதற்குள் செய்திப் பிரிவில் மூவர் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஒருவருக்கு 61 வயது, அவரை யாரும் குறை சொல்லவில்லை. மற்ற இருவரும் இளையவர்கள், பயந்துவிட்டார்கள்.

கூட்டல்கழித்தல் | வியாழன், இரவு 10.50

அக்கா, என் கருத்து மாறவில்லை. ஏழு நாள் என்பது ஏழு நாள்தான். ஆனால் அந்த இருவரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: படிவத்தில் "ராஜினாமா" என்று இருக்கிறதா, "ஆட்குறைப்பு காரணமாக" என்று இருக்கிறதா? வரித்துறையிடம் சலுகை விகிதத்துக்கு அனுமதி வாங்க நிறுவனம் எந்தக் காரணத்தைக் குறிப்பிடும் என்பதும் எழுத்தில் வேண்டும். யாருக்காவது தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டுமென்றால் சனிக்கிழமை முழுவதும் இருக்கிறேன், கட்டணம் இல்லை. சர்வீஸ், அடிப்படைச் சம்பளம், மீதி விடுப்பு, முன்பு எடுத்த ஓய்வூதிய மொத்தத்தொகை ஏதாவது உண்டா என்பது, இவ்வளவும் போதும்.

பழைய செயலாளர் | வெள்ளி, காலை 6.15

தம்பி சரியான இடத்தில் கை வைத்தார். "ராஜினாமா" என்று இருந்தால் வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யுஐஎஃப் தரும் வேலையின்மைப் படி கிடைக்காது. தானாக விலகியவருக்கு அது இல்லை. "இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்" என்ற வாசகமும் எங்கோ ஒளிந்திருக்கும். அது இருந்தால் பிறகு சிசிஎம்ஏ வாசலையும் மிதிக்க முடியாது. இன்னொன்றும் பாருங்கள்: நிறுவனம் வேறு வேலை தர முன்வந்து, அதை நியாயமான காரணமின்றி மறுத்தால் சட்டப்படியான இழப்பீடே போய்விடும். எனவே ஜோஹானஸ்பர்க்குக்கு மாற்றல் என்று யாருக்காவது கடிதம் வந்தால், ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் கொடுக்காமல் வாயால் மறுக்க வேண்டாம்.

மைக்கறை அம்மா, படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பெயரையும் பணியாளர் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.